ஜன்னலைப் பார்த்துப் பேசியவன்

தலைக்குந்தா

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் பஸ்ஸில் என் தோள்பையில் மூன்று அட்டைகள் இருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு. கூடவே ஒரு ஸ்டாப்வாட்ச். மப்ளரை எடுக்கப் பையைத் துழாவியதில் அட்டைகள் கீழே விழுந்தன. கேரட் மூட்டையைக் கால்களுக்கு நடுவில் இருத்தி உட்கார்ந்திருந்த பக்கத்து சீட்டுப் பெரியவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"ஃபுட்பால் ரெஃப்ரீங்களா?"

"பேச்சுக்கு ரெஃப்ரீ" என்றேன்.

அட்டைகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "பேசுறவனை நிறுத்த இது போதுமா?"

கோயம்புத்தூரில் நான் ஆறு வருடமாக ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போகிறேன். 1924-இல் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் இளைஞர்களைக் கூட்டி முறைவைத்துப் பேசப் பழக்கினார். அதுதான் உலகமெல்லாம் பரவி எங்கள் ஊர் ஏ.சி. அறைவரை வந்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் இலக்கணம் பார்ப்பார். இன்னொருவர் 'ஆ கவுண்டர்'. பேசுகிறவர் எத்தனை முறை 'ஆ', 'ம்ம்', 'அது வந்து' என்று இழுத்தார் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் எழுந்து கணக்கை எல்லோர் முன்னும் வாசிப்பார். சேர்ந்த புதிதில் என் கணக்கு 19. இப்போது இரண்டு. அந்த இரண்டும் தும்மல் என்று வாதாடியிருக்கிறேன்.

ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கு விருந்தாளியாக வந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூடலூர்க்காரர். முடிந்ததும், "எங்க ஊர்லயும் ஞாயித்துக்கிழமை இப்படி ஒண்ணு நடத்துறோம் தம்பி. பேரெல்லாம் வைக்கல. ஒருதரம் வாங்க. அந்தக் கலர் அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்றார்.

தலைக்குந்தாவில் சாலை பிரிகிறது. ஒன்று கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் மசினகுடிக்குச் சரிகிறது. எங்கள் பஸ் மற்றதில் பைக்காராப் பக்கம் திரும்பியது. தைல மரங்களின் வாசனை ஜன்னல் வழியாக வந்து முகத்தில் அறைந்தது.

நடுவட்டம்

இங்கே பஸ் டீக்கு நிற்கும். ஆவணி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எதிரே மஞ்சு தேயிலைச் செடிகளின் மேல் தவழ்ந்து வந்து சாலையைக் கடந்து போனது.

மலேரியாவுக்கு மருந்தான கொயினா மரம் நீலகிரியில் பெருமளவில் பயிரான இடங்களில் ஒன்று நடுவட்டம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்காரர்கள் அந்தத் தோட்ட வேலைக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் சீனர்களும் உண்டு. மலாய்ப் பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் அடைபட்ட சிறைக் கட்டடத்தை இன்றைக்கும் பார்க்கலாம். தண்டனை முடிந்த சிலர் ஊர் திரும்பாமல் தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே காய்கறி பயிரிட்டுத் தங்கிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதி வைத்திருக்கிறார்.

பேச்சைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனதால் எனக்கு ஒரு கேள்வி வந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன்: "அந்தச் சீனக்காரங்க பேசின பேச்சுல ஒரு வார்த்தையாவது இந்த ஊர்ல மிச்சம் இருக்குமா?"

அவர் கிளாஸை என் முன்னால் வைத்தார். "டீ."

கிண்டலா, தெரிந்து சொன்னாரா என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. 'டீ' என்பது தென்சீனக் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறி ஐரோப்பா போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல்தான். பஸ் ஹாரன் அடித்ததால் மேலே கேட்க முடியவில்லை.

நடுவட்டம் தாண்டியதும் ஸ்வெட்டர் கனக்கத் தொடங்குகிறது. ஊசிமலை வளைவுகளில் காது அடைத்துத் திறக்கிறது. ஊட்டிக்கும் கூடலூருக்கும் நடுவே சாலை தூரம் 50 கிலோமீட்டர், உயரத்தில் வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். கீழே கூடலூர் ஒரு கிண்ணத்துக்குள் கொட்டிய ஓடுகளைப் போலத் தெரிந்தது.

கூடலூர்

ஊட்டியில் இறங்கினால் நாம் சுற்றுலாப் பயணி. ஹோட்டல் வேண்டுமா, வர்க்கி வேண்டுமா, குதிரை ஏற வேண்டுமா என்று ஆள் வந்து நிற்கும். கூடலூரில் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை. ஒரு சாலை முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்கும், ஒன்று நாடுகாணி இறக்கத்தில் நிலம்பூருக்கும், ஒன்று தேவர்சோலை வழியாக சுல்தான் பத்தேரிக்கும் போகிறது. இது எல்லோரும் எங்கேயோ போகிற அவசரத்தில் டீ குடிக்கிற ஊர்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் புட்டும் கடலையும் சாப்பிட்டேன். ஓணத்துக்கு முந்தின வாரம். வாசலில் பெரிய இரும்புச் சட்டியில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிந்துகொண்டிருந்தது. கல்லாவில் இருந்தவர் போனில் மலையாளம், சப்ளையரிடம் தமிழ், சாக்கு இறக்க வந்த லாரிக்காரரிடம் கன்னடம் என்று மூச்சுவிடும் இடைவெளியில் மாறிக்கொண்டே இருந்தார். இதில் அவருக்கு எந்தப் பெருமிதமும் இல்லை. கோவையில் இப்படி ஒருவர் இருந்தால் கிளப்பில் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசச் சொல்வோம்.

டீச்சர் வீட்டில் ராத்திரி சாப்பாடு ரொட்டியும் சம்பலும். தேங்காயையும் காய்ந்த மிளகாயையும் அம்மியில் வைத்து அரைத்த சம்பல், நாக்கின் ஓரத்தில் எரிந்துகொண்டே இருந்தது. சமைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரம்மா. "சிலோன்காரங்க கைப்பக்குவம்" என்றார் டீச்சர்.

கூடலூர், பந்தலூர் பக்கம் நான்கு வீடு போனால் ஒரு வீடு இப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுடையதாக இருக்கும் போலிருக்கிறது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-இல் இந்த மலைகளில் தேயிலை நடத் தொடங்கியது. 1976-இல் அது டேன்டீ என்ற அரசு நிறுவனமானது.

தேவாலா சாலை

காலையில் டீச்சர் என்னைத் தேவாலாப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லைன் வீடு ஒன்றுக்குக் கூட்டிப் போனார். 1880 வாக்கில் இந்தச் சாலையோரத்தில் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் பங்கு விற்றார்கள். சில வருடத்தில் கம்பெனிகள் மண்ணோடு மண்ணாகப் போயின. இப்போது மழையும் தேயிலையும்தான். அட்டைப்பூச்சி ஒன்று என் சாக்ஸுக்குள் புகுந்திருந்ததைத் திண்ணையில் உட்கார்ந்தபிறகுதான் பார்த்தேன். அந்த வீட்டுப் பாட்டி உப்பைக் கொண்டுவந்து தடவினார்.

பாட்டிக்கு எண்பதை ஒட்டிய வயது. நுவரெலியாப் பக்கம் பிறந்து, இரண்டு பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பலேறியவர். இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் மூத்தவர் அவர்தான் என்றார் டீச்சர். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். நேரடியாகப் பதில் சொல்லாமல், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் பற்றிச் சொன்னார்.

"விடியக்காலம பெரட்டுக் களத்துல வரிசையா நிக்கணும் தம்பி. கங்காணி பேரு கூப்புடுவாரு, கணக்கப்புள்ள எழுதுவாரு, தொர பேசுவாரு. நாங்க பேசுற பேச்சு ஒண்ணே ஒண்ணுதான். 'ஆமாங்க.' அதையும் தல குனிஞ்சுகிட்டுதான் சொல்லணும். எங்கப்பா அறுபது வருசத்துல அந்தக் களத்துல வேற வார்த்த சொன்னதே இல்ல."

இலங்கையில் வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்து கூட்டம் போடுவதைத் துரைமார் அத்துமீறல் என்று தடுத்து வைத்திருந்த காலம், பாட்டியுடைய அப்பாவின் காலம். தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேஷம் போட்டு, லயம் என்கிற தொழிலாளர் லைன் வீடுகளுக்குள் போனதாகச் சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். மேடைப் பேச்சுக்கு முன்னால் ஆள் சேர்க்க அந்தப் பாட்டு உதவியது. பாட்டிக்கு நடேசய்யர் பெயர் தெரியும். "எங்கப்பா ஒருதரம் அவரு பேச்சக் கேட்டுருக்காராம். என்ன பேசுனாருன்னு கேட்டா அழுவாரு, சொல்ல மாட்டாரு."

கூடலூர் திரும்பும் வழிநெடுக எனக்கு இலங்கையின் இன்னொரு பேச்சாளர், நாவலர் நினைவு. 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பிறகு வெள்ளிதோறும் நடந்தது. பாதிரிமாரோடு பழகி அவர்கள் பிரசங்கம் செய்யும் முறையைக் கற்றவர், அதையே எடுத்துக்கொண்டு அவர்களுக்கு எதிராகப் பேசினார். எங்கள் கிளப் கூடுவதும் வெள்ளிக்கிழமைதான். நாங்கள் யாருக்கும் எதிராகப் பேசுவதில்லை. பெரும்பாலும் தலைப்பு 'நேர மேலாண்மை'.

மறுபடி கூடலூர், ஞாயிறு மூன்று மணி

ஒரு டியூஷன் சென்டரின் மாடி. தகரக் கூரை. பிளாஸ்டிக் நாற்காலி பத்து, மீதிப் பேருக்குப் பாய். எண்ணினேன், இருபத்திரண்டு பேர். கரும்பலகையில் 'முடிக்கும் நேரம் 4.45' என்று வட்டம் போட்டிருந்தது. எங்கள் கிளப்பிலும் நேரத்துக்கு முடிப்போம், அது அறை வாடகைக்காக. இங்கே யானைக்காக. இருட்டிய பிறகு தோட்டத்துப் பாதையில் நடந்து போக முடியாது. வீட்டை உடைத்து அரிசி தின்று பழகியதால் இந்த வட்டாரம் 'அரிசி ராஜா' என்று பெயர் வைத்த, தந்தமில்லாத மக்னா யானையை 2022 டிசம்பரில் வனத்துறை பிடித்துக்கொண்டு போனது. அரிசி ராஜா போனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன.

பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டி, இது ஒரு நிமிஷம், மஞ்சள் இரண்டு, சிவப்பு மூன்று என்று விளக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

முதலில் ஒரு ஆட்டோ ஓட்டுநர். வீட்டுப் பேச்சு மலையாளம். பந்திப்பூர் காட்டுச் சாலை 2009-இலிருந்து ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். மைசூரிலிருந்து திரும்பும்போது ஐந்து நிமிட வித்தியாசத்தில் கேட் விழுந்துவிட, விடியும்வரை அங்கே உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். நடுவில் மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பேச்சை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, மழை விடும்வரை அப்படியே நின்றார். நான் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினேன். யாரும் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நிமிடம் கழித்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்.

அவர்களிடமும் ஒரு 'ஆ கவுண்டர்' மாதிரி ஆள் உண்டு, ஆனால் வேலை வேறு. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்து, பேச்சில் வருகிற வேற்றுமொழிச் சொற்களைக் குறித்துக்கொள்கிறாள். குற்றம் சொல்வதற்கு அல்ல. பேச்சு முடிந்ததும் பலகையில் எழுதி, இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறாள். ஓட்டுநர், கேட் மூடியதை 'அடச்சு' என்றிருந்தார். அதற்குத் தமிழ், கன்னடம், படுகு, பணியர் பேச்சு என்று நாலைந்து சொற்கள் பலகையில் ஏறின. இதற்கே கால் மணி போய்விட்டது. என் அட்டைகள் மடியில் சும்மா கிடந்தன.

அடுத்து நர்சிங் படிக்கும் பணியர் பெண். கூடலூரின் ஐந்து பெரிய ஆதிவாசிச் சமூகங்களில் பணியர்கள் ஒரு பிரிவினர். 1988-இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் நில உரிமை கேட்டு இந்த ஊர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி ஊர்வலம் நடத்தியதை டீச்சர் காலையில் சொல்லியிருந்தார். அன்று போனவர்களில் ஒருவரின் பேத்தி இவள். "ஆஸ்பத்திரியில" என்று தொடங்கினாள். நின்றாள். "அது வந்து" என்றாள். பின்வரிசையில் இருந்த அத்தையிடம் தங்கள் பேச்சில் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். பிறகு தமிழில் சொன்னாள்:

"எங்காளுங்க வந்தா, என்ன பண்ணுதுன்னு கேப்பாங்க. இவங்க பேசாம நிப்பாங்க. உடனே திட்டு விழும். பேசாம நிக்கறாங்கன்னா பதில் இல்லன்னு இல்ல. யோசிக்கறாங்க. எந்த பாஷைல சொன்னா உங்களுக்குப் புரியும்னு யோசிக்கறாங்க."

என் விரல் பழக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தது. பதினொன்று. தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மூன்றாவதாகப் பேசியவர் நாற்பது வயதுப் பெண், சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவர். "நாளைக்கு மனு" என்றார் டீச்சர் என் காதில். திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டர் குறைதீர் கூட்டம். அங்கே பேசப்போவதை இங்கே பேசிப் பார்க்கிறார்.

கூடலூரில் யாரைக் கேட்டாலும் 'செக்‌ஷன் 17' என்றால் புரியும். நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் பரம்பரை ஜென்ம நிலங்களை எடுத்துக்கொள்ள 1969-இல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் பல பத்தாண்டுகளாக வழக்கும் சர்ச்சையுமாகக் கிடக்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் மின் இணைப்பு கிடைக்காத வீடுகள் ஏராளம். இந்த அம்மா வீடும் அதில் ஒன்று.

ஆட்டோ ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கலெக்டராக உட்கார்ந்தார். ஒரு பையன் பக்கத்தில் நின்று குமாஸ்தா. அந்த அம்மா "ஐயா, வணக்கம், நான் கல்யாணம் ஆகி வந்தப்போ..." என்று தொடங்க, குமாஸ்தா "அடுத்தது!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும். மறுபடி. "ஐயா, என் வீட்டுல கரண்ட் இல்ல..." கலெக்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "பட்டா இருக்கா?" என்றார். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். பாட்டி எழுந்து வந்தார். "இல்லன்னு தலயக் குனியாத. 'பட்டா இல்லைங்கறதுதான் மனு'ன்னு சொல்லு." அதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி. என் அட்டைகளுக்கு அப்போதுதான் வேலை வந்தது. மூன்று நிமிடம் என்ற கணக்கை டீச்சர் ஒரே நிமிடம் என்று மாற்றினார். அங்கே அதற்குமேல் கிடைக்காது. ஏழு முறை பேசினார். ஏழாவது முறை மஞ்சளிலேயே முடித்துவிட்டார்.

பிறகு விருந்தாளி பேச வேண்டும் என்றார்கள். மலையின் அழகும் மனிதரின் குரலும் என்று ஒரு தலைப்பை நானே வைத்துக்கொண்டு பேசினேன். ஒரு 'ஆ' இல்லை, ஒரு 'ம்ம்' இல்லை. சிவப்புக்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால் முடித்தேன். கைதட்டினார்கள். விமர்சனம் சொல்லும் முறை குமாஸ்தாவாக நின்ற பையனுக்கு. எழுந்து கொஞ்சம் நெளிந்தான்.

"சார் நல்லா பேசினாங்க. ஆனா எங்களைப் பாக்கல. ஜன்னலையே பாத்துட்டுப் பேசினாங்க."

உண்மைதான். ஜன்னலுக்கு வெளியே மழை விட்ட தேயிலைச் சரிவில் மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது.

"அது எங்களுக்கு டெய்லி இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

4.40-க்கு முடிந்தது. தோட்டத்துப் பாதையில் போகிறவர்கள் தகர டப்பாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கும்பலாகக் கிளம்பினார்கள். அட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஸ்டாப்வாட்ச் கிளப்புடையது, கொடுக்க முடியவில்லை.

கோயம்புத்தூர்

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்தேன். அந்த அம்மா முழுவதும் பேசி முடித்தாராம், மனுவுக்கு நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். கரண்ட் எப்போது வரும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கிளப்பில் ஆ கவுண்டர் முறை எனக்கு வந்தது. தாளை எதிரே வைத்துக்கொண்டு, பேசுகிறவர்கள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவர் கணக்கு கேட்டபோது தாள் வெள்ளையாக இருந்தது. நாற்பத்தொன்று என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.